சிறப்புப் பள்ளி வளாகத் திட்டமிடல்

சிறப்புப் பள்ளி வளாகத் திட்டமிடல் என்பது செவித்திறன் அல்லது பார்வைத்திறன் குறைந்த மாணவர் பயிலும் பள்ளிகளின் வகுப்பறை, விடுதி, பாதை ஆகியவற்றை அவர்களின் புலனறிவுக்கேற்ப வடிவமைக்கும் கட்டடக்கலைப் பிரிவாகும். தமிழகத்தில் இத்தகைய பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் மிஷனரிகளால் தொடங்கப்பட்டன. தஞ்சாவூரில் இவ்விரு பிரிவினருக்கும் தனித்தனி அரசு மேல்நிலைப் பள்ளிகள் உள்ளன.

இரு பிரிவினரின் தேவைகளும் ஒன்றல்ல. சைகைமொழியில் உரையாடுவோர் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டுமாதலால், அரைவட்ட இருக்கை, அகன்ற நடைக்கூடம், கண்கூசாத வெளிச்சம் ஆகியவையும், செவித்துணைக் கருவி அணிவோருக்காக எதிர்முழக்கம், அதாவது ஒலி எழுந்தபின் அறையில் தங்கி அடங்கும் நேரம், மிகக் குறைவாக இருத்தலும் வேண்டப்படுகின்றன. பார்வையற்றோரோ காலடியோசையின் எதிரொலியைக் கொண்டே சுவரையும் வாயிலையும் அறிவதால், அவர்களுடைய நடைக்கூடங்களில் ஒலியை முற்றிலும் அடக்குதல் பொருந்தாது. நேர்கோட்டுப் பாதை, தொடர் கைப்பிடி, பிரெயில் பலகை, ஜப்பானியரான செய்இச்சி மியாக்கே 1965இல் உருவாக்கிய புடைப்பு ஓடுகள் ஆகியன இங்கு இன்றியமையாதவை.

தஞ்சாவூர் அமைந்துள்ள காவிரிப் படுகையின் களிமண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதால், ஆழமற்ற அடித்தளத்தின் மேலுள்ள பாதைகள் பிளந்து கைத்தடிக்கு இடறலாகின்றன. வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தின் பொருட்டுத் தரைமட்டத்தை 60 செ.மீ. உயர்த்தினால், 1:12 சரிவு விகிதப்படி 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் தேவைப்படும். தகரக் கூரையில் விழும் மழையிரைச்சல் இரு பிரிவினருக்குமே தடையாகும். 94 குழந்தைகள் உயிரிழந்த 2004ஆம் ஆண்டுக் கும்பகோணம் பள்ளித் தீவிபத்துக்குப் பின் பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. செவித்திறன் குறைந்தோர் விடுதிகளில் மணியோசையுடன் மின்னும் விளக்கும், உறங்குவோரை எழுப்பும் அதிர்வுக் கருவியும் தீ எச்சரிக்கை அமைப்பில் இடம்பெற வேண்டியவை. அணுகல்தன்மைக்கான சட்ட அடிப்படையை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வழங்குகிறது.