கேட்டலும் கொள்ளலும்: கத்தோலிக்கப் பொதுநிலையினரும் கருவுயிர்ச் சட்டமும்

கத்தோலிக்கத் திருச்சபையில் குருப்பட்டமோ துறவற வார்த்தைப்பாடோ பெறாத மக்களைப் பொதுநிலையினர் என்பர். சபையின் மிகப் பெரும்பகுதியினர் இவர்களே. இல்லறம் நடத்துவோரும், பிள்ளை பெற்று வளர்ப்போரும், மருத்துவமனையில் பிணியாளரைப் பேணுவோரும் பெரும்பாலும் இவர்களே. அங்ஙனமிருக்க, இல்லறத்தைப் பற்றியும் கருவிலுள்ள உயிரைப் பற்றியும் திருச்சபை பேசியபோது இவர்களிடம் யாது கேட்கப்பட்டது, கேட்டதில் யாது கொள்ளப்பட்டது என்பது நேயர்களுள் பலர் அறியாத வரலாறு.

முதலில் உரோமை நகரத்துச் செய்தி. கருத்தடை பற்றி ஆராய 1963ஆம் ஆண்டு பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் ஆறு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார். அவருக்குப் பின் வந்த ஆறாம் சின்னப்பர் அதனை விரிவாக்கி, மருத்துவரையும் மணமான தம்பதியரையும் அதில் சேர்த்தார். அத்தம்பதியருள் சிகாகோ நகரத்துப் பாட்ரிக் குரோலியும் அவர் துணைவியார் பட்ரீசியாவும் தம்மையொத்த குடும்பத்தாரிடமிருந்து கடிதங்களைத் திரட்டிக் கொண்டுவந்து வைத்தனர். திருச்சபை அனுமதித்த நாட்கணக்கு முறையால் இல்லறத்தில் விளைந்த வேதனையை நல்ல கத்தோலிக்கர் பலர் அவற்றில் ஒளிவின்றி எழுதியிருந்தனர். 1966இல் மேற்றிராணியார்களும் குழுவில் சேர்க்கப்பட்டனர். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியாஸ் அவர்களுள் ஒருவர். குழுவின் பெரும்பான்மையோர் பழைய தடையை மாற்றலாம் என்றனர். பாப்பரசர் அதனை ஏற்கவில்லை. 1968 ஜூலை 25ஆம் நாளிட்ட தமது சுற்றுமடலில் தடையை உறுதிப்படுத்தினார்.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். கருத்தடை வேறு, கருக்கலைப்பு வேறு. குழுவின் பெரும்பான்மையோர் முன்னதற்கு இடந்தந்தனரேயன்றிப் பின்னதற்கு அன்று. கருக்கலைப்பைக் கொடிய குற்றமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே கூறியிருந்தது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இவ்விரு சொற்களும் ஒன்றாகக் குழம்புவதைக் காணும்போதெல்லாம் சங்கடமே. 'ப்ரோ லைஃப்' என்னும் அமெரிக்க அரசியற் சொல்லோ இன்னும் கடினமானது. 'உயிர்ச்சார்பு' என்றால் அச்சொல்லின் பின்னுள்ள தேர்தற் போராட்டம் தமிழில் வருவதில்லை. நம் நாட்டில் எந்தப் பெரிய கட்சியும் இப்பொருளை முன்வைத்து வாக்குக் கேட்டதில்லை.

இந்தியாவில் நிகழ்ந்தது வேறொரு கதை. 1952இலேயே நம் அரசு குடும்பக் கட்டுப்பாட்டைத் திட்டமாக மேற்கொண்டது. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்னும் முழக்கமும் சுவர்தோறும் தோன்றின. வானொலியும் அதனை ஓதியது. கத்தோலிக்க இல்லங்களில் வாரநாளில் வானொலி ஒன்று சொல்ல, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வேறொன்று சொல்லிற்று. 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் அமைந்த குழு கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்துமாறு 1966இல் பரிந்துரைத்தது. சென்னையில் கல்வி பயின்ற மக்கட்டொகை அறிஞர் சீபதி சந்திரசேகர் 1967இல் மத்திய அமைச்சராகி அக்கருத்துக்கு ஊக்கமளித்தார்.

அதே காலத்தில்தான் நம் திருச்சபையும் தன் மக்களைக் கேட்கத் தொடங்கிற்று. 1969 மே மாதம் பெங்களூர் தர்மாராம் கல்லூரியில் இன்றைய இந்தியத் திருச்சபை பற்றிய தேசியக் கருத்தரங்கு கூடியது. குருக்களோடும் துறவியரோடும் பொதுநிலையினரும் அமர்ந்து பேசினர். அதற்காக அரும்பாடுபட்டவர் தமிழ்நாட்டவரான அமலோற்பவதாஸ் அடிகளார். அவர் தமையனார் லூர்துசாமி அப்போது பெங்களூர் அதிமேற்றிராணியார். அவ்வாண்டே கருக்கலைப்பு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. 1971 ஆகஸ்டு 10இல் சட்டமாயிற்று. பெங்களூரில் திறந்த செவியும் டில்லியில் எழுந்த விவாதமும் ஒன்றையொன்று சந்திக்காமலே சென்றன என்பது நம் கருத்து. மேற்றிராணியார்கள் எதிர்த்தனர், ஆனால் குரோலி தம்பதியர் திரட்டியவை போன்ற குடும்பத்தாரின் எழுத்துகள் அவ்வெதிர்ப்புக்குத் துணையாக நின்றிருந்தால், அது வெறும் மறுப்பாகத் தோன்றியிராது.

நாம் வாழும் கரோல் பாகிலிருந்து இந்திய மேற்றிராணியார் பேரவை அமைந்த அசோகா பிளேசுக்குச் சில கல் தொலைவே; அங்கிருந்து பாராளுமன்றமும் அண்மையதே. எனினும் இவ்விரு மன்றங்களின் பேச்சும் வந்து சேருமிடம் மருத்துவமனைதான். பூசா சாலைப் பக்கத்து மருத்துவமனைகளில் தென்னாட்டுச் செவிலியர் பலர் பணிபுரிகின்றனர். அவருள் கத்தோலிக்கரும் உளர். 1967ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம், மனச்சான்றின்படி கருக்கலைப்பில் பங்குகொள்ள மறுப்பவருக்குத் தனிப்பிரிவால் காப்பளிக்கிறது. நமது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. 24 வாரம்வரை சில வகையினர்க்கு இடந்தந்த 2021ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இல்லை. அவசரநிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையும் இங்கே நினைக்கத்தக்கது. 1976-77இல் நாடெங்கும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வற்புறுத்தலுக்கு எதிரான திருச்சபையின் குரல் அன்று பிறமதத்தார்க்கும் பொருளுடையதாயிற்று. பெண்ணென்று அறிந்து கருவை அழிப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் பிறந்தபோதும் அவ்வாறே.

பின்னர் கேட்டல் மீண்டும் வந்தது. குடும்பம் பற்றிய மாமன்றத்துக்காக 2013இல் உரோமை 39 வினாக்களை அனுப்பியது. 2021 முதல் 2024 வரை நடந்த மாமன்ற முயற்சியில் பங்குதோறும் மக்கள் கூடிப் பேச வேண்டும் என்றார் பாப்பரசர் பிரான்சிஸ். 2023 அக்டோபர் அமர்வில் முதன்முறையாகப் பெண்களும், 54 பேர், வாக்களித்தனர். இடையே 2021இல் கேரளத்துப் பாலா மறைமாவட்டம், 2000க்குப் பின் மணந்து ஐந்தோ அதற்கு மேலோ பிள்ளைகளுடைய குடும்பத்துக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாக அறிவித்தது. சபைக்குள்ளேயே மனவேறுபாடு எழுந்தது. 2022 ஆகஸ்டு 10இல், 1971ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த நாளையே தெரிந்து, இந்தியாவின் முதல் தேசிய உயிர்ச்சார்பு ஊர்வலம் டில்லியில் நடந்தது. கருக்கலைப்பை ஒருங்கே வெறுக்கும் கத்தோலிக்கருள்ளும், சட்டத்தால் தடுப்பதா, ஏழைத் தாய்க்குத் துணை நிற்பதா, எது முந்தியது என்பதில் ஒருமனம் இல்லை. நாம் இரண்டாவதையே முன்வைப்போம்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டநூலின் 536ஆம் விதிப்படி பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு. 'ஆலோசனை மட்டும்' என்னும் அத்தொடரையே மீண்டும் ஆராய வேண்டுமென்று, 2024 அக்டோபர் 26இல் நிறைவேறிய மாமன்ற இறுதி ஏட்டின் 92ஆம் பத்தி கூறுகிறது.