வேகத்தைப் பிடிக்கும் கண்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் எளாவூர் வரும். அதற்கு அப்பால் ஆந்திர எல்லை. அங்குள்ள சோதனைச் சாவடியில் லாரிகள் நிற்பதை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். சாவடியில் நிறுத்தப்படும் டிரைவர் அதிகாரியின் எதிரே நிற்கிறார். கேட்டதற்குப் பதில் சொல்கிறார். குற்றம் சாட்டினால் மறுக்கவும் செய்கிறார். சாலையோரக் கம்பத்தில் உள்ள காமிராவோ எவரையும் நிறுத்துவதில்லை. அதற்குத் தெரிந்தது எண் பலகை ஒன்றுதான். வண்டியைக் கண்டது, ஆளைக் கண்டதாகுமா?

இந்தக் கருவியைப் பரப்பியவர் போலீஸ்காரர் அல்லர். ஒரு கார்ப் பந்தய வீரர்! நெதர்லாந்தைச் சேர்ந்த மொரீஸ் காட்சோனிடிஸ் 1953-இல் மான்டி கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தாம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அறிய, சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர்க் குழாய்களைப் போட்டு, சக்கரம் ஒன்றிலிருந்து மற்றொன்றை எட்டும் நேரத்தை அளந்தார். குழாய்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்து, நேரம் ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு என்றால், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். கணக்கு இவ்வளவுதான். 1958-இல் அவர் இதற்கென ஒரு நிறுவனமே தொடங்கினார்.

பின்னர் ரேடார் வந்தது. எளாவூர் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஊதல், நம்மைக் கடந்ததும் சுருதி இறங்குகிறதல்லவா? 1842-இல் டாப்ளர் விளக்கிய அதே விதிப்படி, ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையின் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றமே வேகத்தைச் சொல்லிவிடும்.

வேகத்தை அளப்பது எளிதாயிற்று. யாரைத் தண்டிப்பது என்பதில்தான் நாடுகள் பிரிந்தன. நெதர்லாந்தில் பெரும்பாலும் அபராதம் வண்டியின் உடைமையாளருக்கே. ஆகவே பின்புறப் படம் போதும். ஜெர்மனியில் ஓட்டியவர் மட்டுமே பொறுப்பு. எனவே முகம் தெரிய வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் முகத்தை மறைத்துவிடுவார்கள். பிரிட்டனில், ஓட்டியது யார் என்று உடைமையாளரே சொல்லியாக வேண்டும். 'நானே என் மீது சாட்சி சொல்வதா?' என்று இருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2007-இல் தோற்றார்கள், ஆயினும் நீதிபதிகளில் இருவர் அவர்கள் பக்கம் நின்றனர்.

நம் அரசியலமைப்பின் 20(3) பிரிவும், குற்றம் சாட்டப்பட்டவரைத் தம்மீதே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவோ, ஓட்டியவர் விவரத்தை உடைமையாளர் தர வேண்டும் என்கிறது. 2019-இல் சேர்ந்த 136ஏ பிரிவு காமிராக்களுக்கு இடம் தந்தது. 2021-இல் வந்த விதிகள் சில காப்புகளைத் தந்தன: கருவிக்கு ஆண்டுதோறும் சான்று வேண்டும், காமிரா இருப்பதை முன்கூட்டியே பலகை வைத்து அறிவிக்க வேண்டும், 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

2023-இல் கேரளம் 726 காமிராக்களை நிறுவியபோது திருவனந்தபுரத்தில் நடந்தது இது. ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் போன ஒருவரின் படம், பின்னால் அமர்ந்திருந்த பெண்ணோடு, வண்டி யார் பெயரில் இருந்ததோ அந்த மனைவியின் தொலைபேசிக்குப் போய்விட்டது. வீட்டில் எழுந்த தகராறு போலீஸ் வரை சென்றது. ஜெர்மானியர் ஏன் பக்கத்து முகத்தை மறைக்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொன்று உண்டு. பழைய காமிரா தவறு செய்த வண்டியை மட்டும் படம் பிடித்தது. எண் பலகையைப் படிக்கும் இன்றைய காமிரா, போகும் எல்லா வண்டிகளையும் படிக்கிறது. தேடப்படாத வண்டியின் எண்ணைப் படித்து உடனே அழித்தாலும்கூட அது உரிமையில் தலையிடுவதே என்று ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018-இல் கூறியது. நம் உச்ச நீதிமன்றம் 2017-இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. ஒழுங்காக ஓட்டிச் செல்பவரின் எண் எத்தனை நாள் நினைவில் இருக்கலாம் என்பதை இனி அந்த உரிமையை வைத்தே கேட்க வேண்டும்.

நாமக்கல்லில் உடைமையாளர், லாரியில் மாறி மாறி ஓட்டும் இரண்டு டிரைவர்கள். எளாவூர்ப் பக்கம் விடியற்காலை மூன்று மணிக்குப் பதிவான வேகத்துக்கு நோட்டீஸ் நாமக்கல்லுக்கு வருகிறது. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யார் என்று அவர் இருவரையும் கேட்கிறார். இருவரும் தூங்கிக் கொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள்.