குற்றமணியும் குன்றாக் கணக்கும்

கம்மியர்க்குத் தம் தொழிற்குரிய பொருளைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை எப்பொழுதும் வாய்ப்பதன்று. பொன்னும் மணியும் தருபவர் பிறராக, அவற்றை அணியாக்கும் கடனே இவர்க்குரியதாகின்றது. தந்த மணி குற்றமுடையதாயின் செய்யத்தக்கது யாது? தந்தவர் பேரரசராயின் அதனை எடுத்துரைத்தல் அரிதினும் அரிதன்றோ? இவ்வினாவிற்குத் தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுக்கள் நல்லதொரு விடை பகர்கின்றன.

முதலாம் இராசராச சோழர் (985–1014) தாம் எடுப்பித்த அக்கற்றளிக்குத் தாமும், தமக்கையார் குந்தவையாரும், தேவிமாரும், பிறரும் கொடுத்தவற்றையெல்லாம் ஸ்ரீவிமானத்துக் கல்லில் வெட்டுமாறு தமது 26-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டருளினார்.

பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்றும், மணியிழைத்த அணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்றும் இறைவன் திருப்பெயர்களே வழங்கின. கோத்த சரட்டை நீக்கியும், பதித்த அரக்கினை உட்படுத்தியும் நிறை குறித்தனர். அம்மட்டோ! வயிரங்களுள் முறிந்தன, செம்பொறியும் கரும்பொறியும் உடையன, வெந்தாற் போல்வன; மாணிக்கங்களுள் குழியும் துளையும் வெண்புள்ளியும் உடையன; முத்துக்களுள் கரடும் இரட்டையும் ஆவன; இவையும் உட்பட இத்துணை என்று எண் வரைந்தனர்.

அன்பர்காள்! குற்றமணியை ஒதுக்கிவிடுதல் எளிது. குற்றம் தோன்றாவாறு அரக்கிற் பதித்து வாளாவிருத்தல் அதனினும் எளிது. அவர் இரண்டும் செய்திலர். மணியை ஏற்றனர், திருவாபரணத்தில் இழைத்தனர், குற்றத்தையோ கல்லிலே காட்டினர். இதனாற் கொடுத்தவர் அன்பு புறக்கணிக்கப்பட்டிலது. பிற்காலத்தே ஒருவன் மணியை மாற்றினும் கல்லெழுத்தே அவனைக் காட்டிக்கொடுக்கும். முன்னரே இருந்த பழுது கம்மியர் கைப்பழுதாகவும் கருதப்படாது. அரசர் கொடைக்கும் முகமன் கூறாத இக்கணக்கு, அரசர் ஆணையானே கல்லில் ஏறியது என்பதும் நோக்கற்பாலது. தம் கொடையின் குறையை உலகறிய எழுதுவித்தற்கு உடன்பட்ட அவ்வரசரின் சிவபத்தியை என்னென்பது!

சித்தாந்த நெறியில் நிற்பார்க்கு இதன்கண் ஒரு பொருள் விளங்கும். செம்பிற் களிம்புபோல அநாதியே மலத்தாற் பிணிப்புண்ட உயிர்களை இறைவன் வெறுத்து ஒதுக்குகின்றிலன். மலம் இலதென மறைக்கின்றும் இலன். கம்மியர் குற்றத்தைக் குறிக்க மாத்திரமே வல்லர். அவனோ அதனைப் போக்கவும் வல்லன். ஆதலின் நம் குறையை அவன் திருமுன் ஒளியாது வைத்தலே நாம் செய்யத்தக்க பணியாம். திருக்கோயிற் பொருளைக் காப்போரும், கொடுத்தது எத்தன்மைத்தோ அத்தன்மைத்தாகவே எழுதிவைத்தலைக் கடனாகக் கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.