ஈ-1027 மேசை

ஈ-1027 மேசை என்பது, அயர்லாந்தில் பிறந்த வடிவமைப்பாளரும் கட்டிடக் கலைஞருமான ஐலீன் கிரே (1878–1976) வடிவமைத்த, உயரத்தை மாற்றத்தக்க சிறு மேசை ஆகும். பிரான்சின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ரோக்புரூன்-காப்-மார்ட்டினில் 1926–1929 காலப்பகுதியில் அவர் அமைத்த ஈ-1027 என்னும் வீட்டுக்காக இது உருவாக்கப்பட்டது. வீட்டின் பெயரே மேசைக்கும் வழங்குகிறது.

பெயர்

'ஈ' என்பது ஐலீனைக் குறிக்கும். 10, 2, 7 என்பன ஆங்கில நெடுங்கணக்கில் அவ்விடங்களில் வரும் ஜே, பி, ஜி ஆகிய எழுத்துக்கள். இவற்றுள் முதலிரண்டும் அவரது துணைவரான ழான் பதோவிச்சியையும், இறுதியெழுத்து கிரேயையும் சுட்டுகின்றன.

அமைப்பு

குரோமியம் பூசிய எஃகுக் குழாய்ச் சட்டகமும் வட்டமான மேற்பரப்பும் கொண்டது. ஒன்றனுள் ஒன்று நகரும் குழாய்களைச் சங்கிலியில் தொங்கும் ஆணியால் வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம். தாங்குகால் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால், அடிப்பகுதி கட்டிலின் கீழ் நுழைய, மேற்பரப்பு படுக்கையின் மேல் வந்து நிற்கும். படுக்கையிலேயே காலையுணவு உண்ணும் தம் சகோதரிக்காகக் கிரே இதனை அமைத்தார் என்பர். இதனால் ஒரே மேசை கட்டிலருகிலும் இருக்கையருகிலும் பயன்பட்டது.

பிற்காலம்

பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டிருந்த கிரேயின் ஆக்கங்கள் 1970களில் மீண்டும் கவனம் பெற்றன. அவரது வாழ்நாளிலேயே, இலண்டனைச் சேர்ந்த சேவ் அராம் இவற்றை மறுபடியும் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். இம்மேசை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் உள்ளது.