ஜவ்வாது மலை: காட்சியிடங்களின் வரலாறு

ஜவ்வாது மலை (சவ்வாது மலை) தமிழ்நாட்டின் வடபகுதியில் திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள மலைத்தொடர். இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இதன் அருவிகளும் முகடுகளும் பள்ளத்தாக்குகளும் இன்று சுற்றுலாக் காட்சியிடங்களாக அறியப்படுகின்றன. ஆனால் மனிதர்கள் இங்கே முதலில் ஏறியது காட்சிக்காக அல்ல. பரிசில் தேடிய கூத்தர், இறந்தவர்களுக்குக் கல் எழுப்பியோர், தினை காத்தோர், நிலம் அளந்த அதிகாரிகள், விண்மீன்களை நோக்கிய அறிஞர்கள் எனப் பலர் வெவ்வேறு தேவைகளுக்காக இம்மலையைப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பார்வைகளின் வரலாறே இம்மலையின் காட்சியிடங்களுடைய வரலாறு.

நிலத்தோற்றம்

ஜவ்வாது மலை ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும் 32 கி.மீ. அகலமும் கொண்டது. முகடுகள் பல 1,100 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. செய்யாறும் அகரம் ஆறும் இதைக் கிழக்கு, மேற்கு என இரு பகுதிகளாகப் பிரிக்கின்றன. கமண்டல நாகநதி, மிருகண்டாநதி ஆகியவையும் இம்மலையில் தோன்றுகின்றன. இந்த ஆறுகள் எல்லாம் இறுதியில் பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தவை.

வடக்கு விளிம்பில் நின்றால் பாலாற்றுச் சமவெளியும் வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய தோல் தொழில் நகரங்களும் தெரியும். மேற்கே திருப்பத்தூர்ச் சமவெளிக்கு அப்பால் ஏலகிரி மலை தனித்து நிற்கிறது. ஏலகிரியில் சயனைட் என்னும் பாறை வகை மிகுதி. ஜவ்வாது மலையில் சார்னோக்கைட், நைஸ் பாறைகள் பரவலாக உள்ளன. அருகருகே இருந்தாலும் இரு மலைகளின் பாறைகளும் ஒன்றல்ல.

மலைபடுகடாம் காட்டும் வழி

இப்பகுதியின் மலைவழிகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இலக்கியச் சான்று, பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட இதைப் பாடியவர் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா என்பது ஜவ்வாது மலையின் தென் அடிவாரத்திலுள்ள இன்றைய செங்கம். பாடல் குறிப்பிடும் சேயாறு இன்றைய செய்யாறு. நவிர மலையைப் பர்வதமலையாக ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர்.

இது ஓர் ஆற்றுப்படை நூல். நன்னனிடம் பரிசில் பெற்று வரும் கூத்தன், எதிரே வரும் மற்றொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்தது. எந்த இடத்தில் பாறை வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைக்காவலர் கவணில் எறியும் கல்லிலிருந்து எப்படி ஒதுங்க வேண்டும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்று விரிவாகச் சொல்கிறது. அருவி விழும் ஓசை முதல் யானைப் பிளிறல் வரை மலையில் எழும் ஒலிகளைப் பட்டியலிடுகிறது. நூலின் பெயரும் மலையில் பிறக்கும் இந்த ஓசையையே சுட்டுகிறது. மலையின் அழகு இந்நூலில் தனியே நிற்பதில்லை. அது எப்போதும் வழியோடும், ஆபத்தோடும், விருந்தோடும் சேர்ந்தே வருகிறது.

கல்லில் எஞ்சிய தடயங்கள்

திருப்பத்தூர் அருகிலுள்ள பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் அகழாய்வு நடத்தியது. புதிய கற்கால மக்கள் குழி தோண்டி அமைத்த வீடுகளும், அவற்றுக்குப் பின் வந்த பெருங்கற்காலப் பண்பாட்டின் எச்சங்களும் அங்கே கிடைத்தன. அடிவாரத்துச் சமவெளியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலையான வாழ்க்கை இருந்ததை இது காட்டுகிறது.

மலையின் மேல், ஜமுனாமரத்தூரைச் சுற்றிய மேடுகளில் கல்திட்டைகள் உள்ளன. நான்கு புறமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை வைத்து அமைத்தவை இவை. இறந்தோர் நினைவாக எழுப்பப்பட்ட பெருங்கற்காலச் சின்னங்கள் என்று தொல்லியலாளர்கள் விளக்குகின்றனர். குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் இவை என்பது மலைமக்களின் நம்பிக்கை. கல்திட்டைகளில் பல உயரமான, நாற்புறமும் திறந்த மேடுகளில் உள்ளன. இன்று காட்சிமுனை என்று சொல்லத்தக்க இடங்களை அன்றைய மக்கள் தங்கள் இறந்தோருக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

மலையடிவாரத்தில் நடுகற்களும் மிகுதி. பெரும்பாலும் ஆநிரை கவர்தல், மீட்டல் ஆகிய பூசல்களில் இறந்த வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை இவை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் பதிப்பில் 1972-இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ பல்லவர் காலக் கல்வெட்டுகள் பலவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. மலைபடுகடாமும் வழியோர நடுகற்களைக் குறிப்பிடுகிறது என்பதால் இலக்கியமும் தொல்லியலும் இங்கே ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்களும் மலைமேல் நடுகற்களையும் புதிய கற்காலக் கருவிகளையும் பதிவு செய்துள்ளனர். மெருகேற்றிய கற்கோடாரிகளை ஊரார் மரத்தடியில் வைத்துத் தெய்வமாக வழிபடும் வழக்கமும் இப்பகுதியில் உண்டு.

மலையாளிகளும் பாலாற்றுக் கதையும்

ஜவ்வாது மலையின் முதன்மையான குடிகள் மலையாளிகள். கேரள மக்களோடு பெயரில் மட்டுமே ஒப்புமை உடைய இவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர். இவர்களின் ஊர்த்தொகுதிகள் ‘நாடு’ எனப்படுகின்றன. திருப்பத்தூர் மாவட்டத்தின் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மலை ஊராட்சிகளின் பெயர்களில் அந்த அமைப்பு இன்றும் நிலைத்திருக்கிறது.

இவர்கள் மலையேறிய கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் பதிவு செய்துள்ளார். கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு, மறுக்கப்பட்டதால் ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றார்கள். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களுடன் புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் இறந்ததாகக் கொண்டு சடங்கு செய்துவிடும்படி மனைவியரிடம் சொல்லிச் சென்றார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கடந்தார்கள். நாய்கள் பாதி வழியில் திரும்பிக் காஞ்சிபுரம் சேர்ந்தன. வேடர்களை வென்று ஊர் திரும்பியபோது அவர்களுக்கு ஈமச்சடங்கு முடிந்து, மனைவியர் கைம்பெண்களாகி இருந்தனர். ஊரில் இடமற்றுப்போன அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்யத் தொடங்கினார்கள்.

இக்கதையை நேரடி வரலாறாகக் கொள்ள முடியாது. ஆயினும் மலையின் வடவிளிம்பிலிருந்து தெரியும் பாலாறு இம்மக்களின் நினைவில் வெறும் ஆறு அல்ல என்பதை இது காட்டுகிறது. உயிரோடு இருந்தும் இறந்தவர்களாக எண்ணப்பட்டவர்கள் கடந்துவந்த எல்லை அது.

கோட்டை, அளவை, காடு

மலையின் கிழக்கு அடிவாரத்திலுள்ள படைவீடு 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். மலைகள் சூழ்ந்த இந்த இடம் அவர்களுக்கு இயற்கை அரணாக இருந்தது. விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் படையெடுப்பில் சம்புவராயர் வீழ்ந்தனர்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அதை நிர்வகித்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் திருப்பத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. இங்கே நிலத்தை வயல் வயலாக அளந்து வரி விதித்த முறையே பின்னர் ரயத்துவாரி முறையாக வளர்ந்தது. அளக்க முடிந்த சமவெளி கணக்கில் ஏறியது. மலை அதற்குப் பிறகே முழுமையாக அரசின் பிடிக்குள் வந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின் கீழ் காடுகள் ஒதுக்குக் காடுகளாயின. மலைமக்கள் உழுததும் மேய்த்ததும் விறகு எடுத்ததுமான நிலத்தில் எல்லைக் கற்கள் நடப்பட்டன.

ஜவ்வாது மலை சந்தன மரங்களுக்குப் பெயர் பெற்றது. திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு அமைந்ததற்கு இதுவே காரணம். பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் சந்தன மரம் அரசுக்கே உரியது என்ற விதி நெடுங்காலம் இருந்ததால் அதை வளர்ப்பதில் மக்களுக்கு ஆதாயம் இருக்கவில்லை. திருட்டு வெட்டும் சேர்ந்து மலையின் சந்தனவளம் பெரிதும் குறைந்தது.

அருவிகளும் முகடுகளும்

சுற்றுலா நோக்கில் மலை மாறியது சாலைகள் வந்த பிறகே. பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் சாலை 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. மேலே புங்கனூர் ஏரியும், மங்கலம் கிராமத்திலிருந்து நடந்து ஏறும் சுவாமிமலை முகடும் உள்ளன. சுவாமிமலையிலிருந்து திருப்பத்தூர்ச் சமவெளியையும் அதற்கு அப்பால் ஜவ்வாது மலையையும் பார்க்கலாம்.

திருப்பத்தூரிலிருந்து ஏறக்குறைய 14 கி.மீ. தொலைவில் ஜலகாம்பாறை அருவி உள்ளது. ஏலகிரியிலிருந்து வரும் அட்டாறு இங்கே விழுகிறது. அருவியின் அருகே முருகன் கோயில் இருப்பதால் இது நீராடும் இடமாகவும் வழிபாட்டிடமாகவும் விளங்குகிறது. ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர் அருகே பீமன் அருவியும், வேலூர்ப் பக்கத்தில் அமிர்தி அருவியும் உள்ளன. இவை எல்லாம் மழையை நம்பியவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் பெருகும். கோடையில் பாறை மட்டுமே எஞ்சும்.

காவலூர்: வானத்தை நோக்கிய முனை

ஜவ்வாது மலையின் காட்சியிடங்களுள் உலக அளவில் அறியப்பட்டது காவலூர். ஆலங்காயத்திலிருந்து மலையேறும் சாலையில், 725 மீட்டர் உயரத்தில் இது உள்ளது. வானியலாளர் வைணு பாப்பு (1927–1982) தென்னிந்தியாவில் பல இடங்களை ஆராய்ந்து இதைத் தேர்ந்தெடுத்தார். காற்றின் தெளிவு, இரவின் இருள், தென்வானத்தின் பெரும்பகுதியையும் காண உதவும் தாழ்ந்த அட்சரேகை ஆகியவை அவர் கருத்தில் கொண்ட தகுதிகள்.

1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972-இல் கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூர் பதிவு செய்தது. 1977-இல் யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்ட நோக்குகளிலும் இதற்குப் பங்குண்டு. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியால் திறந்து வைக்கப்பட்டது. தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் இடப்பட்டது. 1988-இல் இங்கே கண்டறியப்பட்ட சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

இன்றைய நிலை

2019 நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் தனி மாவட்டமானது. ஏலகிரி, காவலூர், மலையின் மேற்குப் பகுதி நாடுகள் ஆகியவை இதில் அடங்கின. சாலையும் பள்ளியும் மருத்துவமும் மலைமக்களுக்கு இன்றியமையாதவை. சுற்றுலாவால் அவர்களுக்கு வருமானமும் கிடைக்கலாம். ஆனால் இம்மலையில் காண்பதற்குரியவை எளிதில் அழியக்கூடியவை. பலகைக் கற்கள் பெயர்க்கப்பட்டால் கல்திட்டை வெறும் கற்குவியலாகிவிடும். அடிவார நகரங்களின் ஒளி கூடினால் காவலூரின் வானம் மங்கும். லடாக்கின் ஹான்லேவில் உள்ள வானாய்வகத்தைச் சுற்றிய பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இருளும் பாதுகாக்க வேண்டிய இயற்கை வளம் என்பதை அந்த அறிவிப்பு ஏற்றுக்கொண்டது.

ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்களும் கோட்டைகளும் சூழ்ந்த ஏறத்தாழ 65 கி.மீ. நீளப் பகுதியை யுனெஸ்கோ 2002-இல் உலக மரபிடமாக அறிவித்தது. அறிவிப்புக்குக் காரணம் ஆற்றின் அழகு மட்டுமல்ல. பல நூற்றாண்டுகளாக மனிதர் வாழ்ந்து உருவாக்கிய பண்பாட்டு நிலக்காட்சி என்ற தகுதியே அதற்கு அடிப்படை. ஜவ்வாது மலையையும் அவ்வாறே பார்க்க வேண்டும். அதன் அருவிகளையும் முகடுகளையும் பட்டியலிடும் வழிகாட்டிகள், கல்திட்டைகளையும் நடுகற்களையும் நாடுகளின் பெயர்களையும் இரவு வானத்தையும் சேர்த்துக்கொள்ளும்போதே அந்தப் பட்டியல் முழுமையாகும்.