வில்லியர்ஸ்: அப்புத்தளை வரை வந்த ஒரு குடும்பப்பெயர்

எமது பாடசாலையில் படித்தவர்களுள் அடிசம் பங்களாவுக்குச் சுற்றுலா போகாதவர்கள் குறைவு. அப்புத்தளையில் ரயிலை விட்டிறங்கி, தங்கமலைக் காட்டோரமாக வரிசையில் நடந்து, சோற்றுப் பார்சலை அவிழ்ப்பதற்கு முன்னரே அந்தக் கல் சுவர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, துறவிமடத்தில் செய்யும் ஜாம் போத்தல் ஒன்றுக்குக் காசு சேர்த்துத் திரும்பியவர்கள் நாம். இது யாருடைய வீடு என்று கேட்டால், "வில்லியர்ஸ் துரை கட்டியது" என்று டீச்சர் சொல்வார். அத்துடன் கதை முடிந்துவிடும்.

பின்னாளில் எம்மில் சிலர் இலண்டனில் குடியேறினார்கள். சாரிங் குரொஸ் ரயில் நிலையத்தின் பக்கத்தில் இறங்கும் தெருவுக்கு வில்லியர்ஸ் தெரு என்று பெயர்ப்பலகை இருப்பதைக் கண்டு, "நம்ம அப்புத்தளைத் துரையா இவர்?" என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறோம். போன வழி கடைசியில் எமது வகுப்பறைக்கே திரும்பி வந்ததை நாம் எதிர்பார்க்கவில்லை.

வில்லியர்ஸ் ஆங்கிலேயரின் பெயராயினும் ஆங்கிலச் சொல் அன்று. 1066 இல் நோர்மண்டியர் இங்கிலாந்தைப் பிடித்த பின்னர் அங்கு வந்து சேர்ந்த பிரெஞ்சுப் பெயர்களுள் அதுவும் ஒன்று. பிரான்சில் வில்லியே, வில்லேர் என்று இன்றும் எத்தனையோ ஊர்கள் உள்ளன. இவற்றின் மூலம் 'வில்லாரே' என்ற இலத்தீன் சொல். பெரிய பண்ணையைச் சேர்ந்த சிறு குடியிருப்பு என்பது அதன் பொருள். பண்ணைக்கு 'வில்லா' என்று பெயர். எமது பேச்சில் சொல்வதானால், தோட்டத்து டிவிசன்! இன்னாருடைய மகன் என்பதுபோல, இன்ன பண்ணைக் குடியிருப்பிலிருந்து வந்தவன் என்பதே அந்தப் பெயர் சொல்லும் செய்தி.

அதே 'வில்லா'விலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்தது. பண்ணை நிலத்தோடு கட்டுண்டு, பிரபுவின் அனுமதியின்றி இடம் மாற முடியாமல் உழைத்த குடியானவனை 'வில்லானுஸ்' என்றார்கள். காலப்போக்கில் மேட்டுக்குடியினரின் வாயில் அச்சொல் கீழ்மகன் என்றும் பின்னர் கொடியவன் என்றும் திரிந்தது. நாம் சினிமாக் கொட்டகையில் பார்த்துத் திட்டித் தீர்த்த 'வில்லன்' அவன்தான். ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்களில் ஒன்று பிரபுக்களின் குடும்பப்பெயராகவும் மற்றது வசையாகவும் ஆகிவிட்டன.

1086 இல் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டில் நில உடைமையாளரின் பெயர்கள் உண்டு. வில்லானுஸ்களுக்கோ எண்ணிக்கை மட்டுமே. இந்தப் பண்ணையில் இத்தனை பேர், இத்தனை ஏர் என்பதோடு சரி. இதை வாசித்தபோது எமக்குத் தோட்டத்துச் செக்ரோல் ஞாபகம் வந்தது.

வில்லியர்ஸ் குடும்பம் 13 ஆம் நூற்றாண்டிலிருந்து லெஸ்டர்ஷயரில் புரூக்ஸ்பி என்ற ஊரில் வாழ்ந்தது. அங்கே 1592 இல் பிறந்த ஜோர்ஜ் வில்லியர்ஸ், மன்னர் முதலாம் ஜேம்ஸின் செல்லப்பிள்ளையாகி பக்கிங்காம் கோமகன் ஆனார். 1628 இல் போர்ட்ஸ்மவுத்தில் கத்திக்குத்துக்கு இரையானார். அவருடைய மகன், இலண்டனில் இருந்த மாளிகையை 1670களில் விற்றபோது ஒரு நிபந்தனை போட்டார். அந்த நிலத்தில் வரும் தெருக்களுக்குத் தமது பெயரின் ஒவ்வொரு சொல்லையும் வைக்க வேண்டும் என்பதே அது. அப்படியே ஜோர்ஜ் தெரு, வில்லியர்ஸ் தெரு, டியூக் தெரு, பக்கிங்காம் தெரு எல்லாம் வந்தன. 'இன் கோமகன்' என்பதிலுள்ள 'இன்' என்ற உருபையும் விடவில்லை. அதற்கும் 'ஒவ்' என்று ஒரு சந்து! இலண்டன் தோழியர் கண்ட பெயர்ப்பலகையின் கதை இதுதான். தெருவுக்குப் பெயர் வைத்தவருக்கு வாரிசு இல்லாமல் அந்தப் பட்டம் அவரோடு போயிற்று.

எமது துரை வேறு கிளை. கொலையுண்ட கோமகனின் மாற்றாந்தாய் வழி அண்ணன் ஒருவரின் சந்ததியில் ஜேர்சி பிரபுக்களும், அவர்களிலிருந்து கிளரண்டன் பிரபுக்களும் தோன்றினார்கள். முதலாவது கிளரண்டன் பிரபுவின் கொள்ளுப்பேரன் ஒருவர் கெண்ட் மாவட்டத்தில் அடிசம் என்ற கிராமத்துத் தேவாலயத்தின் குருவானார். அவருடைய மகன் தோமஸ் வில்லியர்ஸ் 1869 இல் அங்கே பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் இரண்டு முறை பிரித்தானியப் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபு.

1869 என்றதும் ஊவாக்காரருக்கு வேறொன்று நினைவுக்கு வரவேண்டும். கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆண்டு அது. கண்ட இடம் மடுல்சீமை. அந்த நோய் கோப்பியைத் தின்று தீர்த்து, தேயிலைக்கு இடம் விட்ட பிறகே, 1887 இல், தோமஸ் வில்லியர்ஸ் தோட்டத் தொழில் பழக இலங்கைக்கு வந்தார். ஊவா தனி மாகாணமாகி அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. பின்னர் அவர் ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனியின் தலைவரானார்; சட்டசபையிலும் இருந்தார். 1931 இல் அப்புத்தளையில் பங்களாவைக் கட்டி, பிறந்த கிராமத்தின் பெயரையே அதற்கு வைத்தார். பெயர்களைக் கூடவே எடுத்துவந்து மலைகளுக்குச் சூட்டுவது துரைமாரின் வழக்கம்தானே. ஸ்பிரிங்வெளி, கிளன் அல்பின், ரொஹாம்டன் எல்லாம் அப்படி வந்தவையே. 1960களின் தொடக்கத்தில் பங்களா துறவிகளின் கைக்கு மாறியது.

அதே 1931 இல், தம்பேத்தன்னையின் சொந்தக்காரரான தோமஸ் லிப்டன் திருமணமாகாமலே காலமானார். அயர்லாந்தின் அல்ஸ்டரிலிருந்து கிளாஸ்கோவுக்குப் பிழைக்கப் போன குடும்பத்தின் பெயர் அது. அவருடைய வீட்டில் அதைச் சுமக்கப் பிள்ளை இல்லை. தேயிலைப் பக்கற் சுமக்கிறது.

பதுளை நகருக்குள்ளேயே மற்றொரு பெயர் உண்டு. 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் ரொஜர்ஸ் இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் எடுத்தவர். (இடியை அனுப்பியது யானைகளின் சாபமே என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள்.) புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. ரொஜர்ஸ் என்றால் ரொஜரின் மகன் என்பதுதான். எப்போதோ ஒரு தகப்பனின் பெயராக இருந்தது, எழுத்தில் பதிந்து, பிள்ளைக்கும் பேரனுக்கும் மாறாமல் நின்றுவிட்டது.

நாமும் தகப்பன் பெயரைத்தான் முன்னால் வைக்கிறோம். ஆனால் எமது முதலெழுத்து ஒரு தலைமுறையோடு கரைந்துவிடுகிறது. அயலிலுள்ள சிங்களக் குடும்பங்களுக்கு முதியான்சலாகே என்று தொடங்கும் நீண்ட வாசகமப் பெயர் உண்டு. எம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை. இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த எமது முன்னோருக்கு, 1901 முதல் தகர டிக்கட் ஒன்று கொடுத்தார்கள். அதில் தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கு ஓர் இலக்கம். தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்துவிட்டது. முழு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். "இன்னிக்கு அரைப் பேருதான் போட்டாங்க" என்று அம்மா சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். பெயர் என்பது கூலியின் அளவாகிவிட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம்.

குடும்பப்பெயர் இல்லாதது வெறும் வழக்கம் என்றே நீண்ட காலம் இருந்தோம். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் அது வேறாயிற்று. இங்கே பிறந்தவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். வில்லியர்ஸ் குடும்பம் எழுநூறு ஆண்டுகளை ஒரே பெயரால் கோத்துக் காட்டும். லயத்துக் கருப்பையா பாட்டன் பெயரை எந்தக் கடதாசியில் காட்டுவார்? அவரே ஒரு பதிவில் கருப்பையா, மற்றொன்றில் கருப்பன், மூன்றாவதில் வேறோர் ஆங்கில எழுத்துக்கூட்டல். 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மீதி 1,50,000 பேரின் கதை 1974 வரை இழுபட்டது. எஞ்சியோருக்கு முடிவு கிடைக்க 2003 ஆயிற்று. அந்த எண்களுக்குள் எமது தோழியரும் இருந்தார்கள். தவணை நடுவில் வாங்கு ஒன்று காலியாகும். பெட்டி கட்டித் தலைமன்னாருக்குப் போய்விட்டார்கள் என்று அறிவோம்.

அந்த வாங்குகளில் எம்மை நாம் எப்படி அழைத்துக்கொண்டோம் என்று நினைத்துப் பாருங்கள். ஒரே வகுப்பில் மூன்று சரஸ்வதிகள் இருப்பார்கள். முதலெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிடும். ஆகவே ஸ்பிரிங்வெளி சரஸ்வதி, தெல்பத்தை சரஸ்வதி, கிளன் அல்பின் சரஸ்வதி. டீச்சர்மாரும் அப்படியே கூப்பிட்டார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒன்றுகூடலில் சந்தித்தால் இன்றும் அப்படியேதான் விசாரிக்கிறோம். இன்ன பண்ணைக் குடியிருப்பிலிருந்து வந்தவன் என்று நோர்மண்டியில் ஒருவனுக்குப் பெயர் வந்த விதமும் இதுவேதான். அவனுடையதை எழுதி வைத்தார்கள். எம்முடையதை யாரும் எழுதவில்லை.

எழுதப்படும் காலம் இப்போது வந்திருக்கிறது, வேறு வழியில். கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள தோழியர் படிவத்தில் குடும்பப்பெயர் கேட்ட இடத்தில் தகப்பனின் அல்லது கணவரின் பெயரை நிரப்பினார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதையே சுமக்கிறார்கள். பிரட்டுக்களத்தில் அரைப் பேர் வாங்கிய ஒரு பெரியசாமியின் பெயர், ரொஜரின் பெயரைப் போல, டொரொன்டோவில் ஒரு பரம்பரையின் பெயராகிவிட்டது. நீலகிரியில் குடியேறியவர்கள் முதலெழுத்தோடு நின்றுகொண்டார்கள்.

மலரின் இறுதிப் பக்கத்தில் முகவரி ஏட்டுக்கான படிவம் இருக்கிறது. அதில் 'படித்த காலத்துத் தோட்டம், டிவிசன்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். பலருடைய பெயர் இன்று வேறு, முகவரியும் வேறு. பாடசாலைச் சேர்விடாப்பில் இருந்த பெயரை, எழுத்து பிழையாக இருந்தாலும் திருத்தாமல், அப்படியே எழுதி அனுப்புங்கள். இந்தியாவுக்குப் போன தோழியரின் விபரம் தெரிந்தால், தெரிந்த அளவில், தோட்டப் பெயரை மட்டுமாவது குறிப்பிடுங்கள். எத்தனை சரஸ்வதிகள் வந்தாலும் பிரித்தறிந்துகொள்வோம்.