ஐந்து மாதம் பிந்திய சமாதானம்

மத்தியதரைக் கடலில் சிநேகிதர்களோடு பாய்மரப் படகில் ஊர் சுற்றிவிட்டு வந்த நண்பர் ஒருவருக்கு நம்முடைய கடலையும் காட்டவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. ஆனி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், கடலூர் முதுநகர்த் துறையில் மீன்பிடிப் படகு ஒன்றைப் பேசி நாலு பேராக ஏறினோம். பரங்கிப்பேட்டை வரையில் கடல் வழி. பிறகு சிதம்பரத்தில் சாப்பாடு. கத்தரிக்காய்க் கொத்சு என்ற பேச்சை எடுத்திராவிட்டால் மற்ற இருவர் படகில் கால் வைத்தே இருக்கமாட்டார்கள்!

முகத்துவாரம் தாண்டியதும் படகுக்காரப் பெரியவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, பழக்கம் விடாமல் வைத்திருந்த பாயை விரித்தார். மேலக்காற்று படகைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

"டூலானில் ஏறி மால்டாவில் இறங்கினோம். வழியெல்லாம் தீவு, கோட்டை, சரித்திரம்! இங்கே மணலைத் தவிர என்ன ஐயா இருக்கிறது?" என்றார் நண்பர்.

"உம்முடைய அந்தக் கடற்கரை மனிதர் ஒருவர் இங்கே வந்து போயிருக்கிறார்" என்றேன்.

பிரான்ஸின் தெற்கே புரோவான்ஸில் 1729-ல் பிறந்த சுஃப்ரென், மால்டா வீரர் சங்கத்தின் கப்பல்களில் கடலோடப் பழகியவர். 1782-ல் பிரெஞ்சுக் கடற்படையுடன் இந்தக் கரைக்கு வந்தார். அவர் கொண்டுவந்த துருப்புகள் பரங்கிப்பேட்டையில் இறங்கின. ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. ஜூலையில் ஹைதர் அலியே அவரைப் பார்க்கக் கடலூருக்கு வந்தார். சுஃப்ரென் தொந்தியும் தொப்பையுமான ஆசாமி. சம்மணமிட்டு உட்காரத் தெரியாமல் அவர் திண்டாடியதைக் கண்ட ஹைதர், மெத்தைகளைக் கொண்டுவரச் சொல்லி, மரியாதை முறையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றாராம். எனக்கு ஹைதரிடம் பிடித்த குணம் இது.

அந்த டிசம்பரில் ஹைதர் காலமானார். அடுத்த ஜூன் மாதம் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டார்கள். வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட், உள்ளே வயோதிகரான புஸ்ஸி. கடலில் ஹியூஸின் 18 போர்க்கப்பல்கள். சுஃப்ரெனிடம் இருந்தவை 15தான். அவற்றிலும் பீரங்கிக்கு ஆள் போதவில்லை. கோட்டையிலிருந்து 1,200 பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அவர்களில் பாதிப்பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள்.

1783 ஜூன் 20. இதே மேலக்காற்று. காற்றைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு சுஃப்ரென் நெருங்கினார். மாலையில் தொடங்கிய பீரங்கிச் சண்டை இருட்டும் வரையில் ஓயவில்லை. இரு தரப்பிலும் சுமார் நூறு நூறு பேர் மாண்டார்கள். காயமடைந்தவர்கள் நானூறு பேர் வீதம் இருக்கும். ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவுமில்லை. குடிதண்ணீர் குறைந்து, ஸ்கர்வி நோயில் மாலுமிகள் விழுந்து கிடக்க, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். கரையில் சண்டை நிற்கவில்லை. 25-ந் தேதி பிரெஞ்சுக்காரர் கோட்டையைவிட்டு வெளிவந்து தாக்கி, தோற்றுத் திரும்பினார்கள்.

29-ந் தேதி சென்னையிலிருந்து சமாதானக் கொடியுடன் ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. பிரான்ஸும் இங்கிலாந்தும் வெர்சேல்ஸில் உடன்படிக்கையின் பூர்வாங்க ஷரத்துகளில் கையெழுத்திட்டு விட்டன என்று செய்தி. எப்போது? ஜனவரி 20-ந் தேதி!

நண்பர் விரல்விட்டு எண்ணினார். "சரியாக ஐந்து மாதம். அப்படியானால் இங்கே செத்தவர்கள்...?"

"சமாதான காலத்தில் செத்தவர்கள்" என்றேன். கடலூரில் கடைசிவரை பிடிபடாத கோட்டையை, பிற்பாடு ஒப்பந்தப்படி பிரெஞ்சுக்காரரே ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டார்கள். சுஃப்ரென் 1784-ல் டூலானில் இறங்கியபோது அவருக்கு ராஜ மரியாதை.

பெரியவர் இவ்வளவு நேரமும் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தச் சிப்பாய்ங்களுக்கு நீச்சல் தெரியுமா, சார்?" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. வெள்ளாற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு தெரிந்தது. அவர் பாயைச் சுருட்டி எஞ்சினைக் கிளப்பினார். நாங்கள் சிதம்பரம் போய்ச் சேரும்போது மணி இரண்டு. கொத்சு தீர்ந்துபோயிருந்தது.